கும்மிடிப்பூண்டியின் பிரெஞ்சு டைரக்டர்

உலகத்தில் சினிமா என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை வந்த டைரக்டர்களில், தன் பேரில் ஒரு தப்பும் இல்லாத ஒரே டைரக்டர் எங்கள் மெஸ்ஸில் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். தினமும் சொன்னார். ரசம் வருவதற்குள் ஒரு தடவையும், மோர் வந்த பிறகு மறந்துவிட்டிருப்போமோ என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். நான் அதில் ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். எங்கள் தொழிற்சாலைக்கு பிரான்சிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்து இறங்கியது. கூடவே தலையணை அளவுக்கு ஒரு புத்தகமும் வந்தது. முழுக்க பிரெஞ்சு. அதை மொழிபெயர்க்கத்தான் மேனேஜர் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். வந்து இறங்கியவரைப் பார்த்து ஸ்டேஷனே வாயைப் பிளந்தது. கத்திரி வெயிலில் கழுத்தைச் சுற்றி மப்ளர், தலையில் தோசை மாதிரி ஒரு வட்டத் தொப்பி. பிறந்தது புதுச்சேரி, நிறம் நம் நிறம், குடியுரிமை மட்டும் பிரான்ஸ். பாரிஸில் இருபது வருஷம் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதி, டைரக்ஷனும் செய்தவர். அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. மெஸ் பையன்களின் வாயில் அது நுழையவில்லை. முதலில் 'பிரெஞ்சு டைரக்டர்' என்றார்கள். ஒரு வாரத்தில் அதுவும் தேய்ந்து, "பிரெஞ்சுக்கு ரெண்டு இட்லி!" என்றாகிவிட்டது.

எதைப் பார்த்தாலும் இரண்டு கைவிரல்களையும் சதுரமாகப் பிடித்து அதன் வழியாகத்தான் பார்ப்பார். சாம்பாரை அப்படித்தான் பார்ப்பார். மேனேஜரையும் அப்படித்தான். முதல் நாளே எங்கள் சர்வர் கோவிந்தனிடம் வம்பு ஆரம்பித்தது. கோவிந்தன் ரசத்தை ஊற்றிவிட்டு நகர, இவர் மேஜையைத் தட்டி, "கட்!" என்றார்.

கோவிந்தன் நின்றுவிட்டான். "இன்னா சார், உப்பு இல்லியா?"

"உப்பு இருக்கு. உணர்ச்சி இல்லை. ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தயக்கம் வேணும். ஊத்தலாமா, வேணாமான்னு மனசுக்குள்ள ஒரு போராட்டம். இன்னொரு தடவை வா."

"தயங்கினா கீய ஊத்திக்கும் சார்."

"ஊத்தட்டும். அதுதான் நிஜம்."

ஊற்றிக்கொண்டது. அவருடைய வெள்ளைப் பேண்ட்டிலேயே ஊற்றிக்கொண்டது. அப்போதும் அவர் கோவிந்தனைத்தான் முறைத்தார். 'தயக்கம் அதிகமாப் போச்சு' என்று குற்றம் சாட்டினார்.

அவருடைய சினிமா வரலாற்றை நாங்கள் நாஷ்டா வேளைகளில் தவணை முறையில் கேட்டோம். எழுதிய கதைகளுக்குக் கணக்கே இல்லையாம். டைரக்ட் செய்தது மூன்று. முதல் படம் பாதியில் இருக்கும்போது தயாரிப்பாளர் கம்பி நீட்டிவிட்டார். தப்பு தயாரிப்பாளருடையது. இரண்டாவது படத்தில் கதாநாயகி, படத்தில் வரும் குதிரைக்காரனை நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டு குதிரையோடு போய்விட்டாள். தப்பு கதாநாயகியுடையது. குதிரை மேலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மூன்றாவது படம் ஒருவழியாக முடிந்து தியேட்டருக்கே வந்துவிட்டது. வந்த அன்று ஊர் முழுக்க வேலைநிறுத்தம். பஸ் இல்லை, ரயில் இல்லை.

"அப்போ யாருமே பாக்கலியா சார்?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் பார்த்தார். முழுசாப் பார்த்தார். கண் கலங்கிட்டார்."

"யாரு சார் அந்த மனுஷன்?"

"தியேட்டர் ஆபரேட்டர். அவர் பாதியில எழுந்து போக முடியாதில்ல?"

இப்படி ஒரு மனிதரிடம் மெஷின் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு மொழிபெயர்த்து, மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். மேனேஜர் முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்.

'காட்சி ஒன்று. உள்ளே. பகல். ஒரு சிவப்புப் பொத்தான் தனியாக இருக்கிறது. அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. தூரத்தில் ஒரு மோட்டார் முனகுகிறது. ஏன் முனகுகிறது என்று யாருக்கும் தெரியாது.'

மேனேஜரின் முகம் அந்தப் பொத்தானைவிடச் சிவந்தது. "யோவ், ஏன் முனகுதுன்னு தெரிஞ்சிக்கத்தான்யா புஸ்தகம்! எந்தப் பொத்தானை அழுத்தினா ஓடும்னு கேட்டா, நீ பொத்தானோட மனசைப் பத்தி எழுதியிருக்க!"

"மெஷினோட மனசு புரியாம அதை ஓட்டறது நாகரிகம் இல்லை, முசியே" என்றார் பிரெஞ்சு. மூலத்தை எழுதிய இன்ஜினியருக்கு இலக்கியம் தெரியாது, அது தன் குற்றமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

மேனேஜர் அந்தக் காகிதக் கட்டை வீசியெறிய, அது போய் விழுந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவர் நைனா. எங்கள் டூல் ரூம் ஃபிட்டர். ஆரம்பாக்கத்துக்காரர். ஊரில் நெல் வயல் உண்டு. விடியலில் வயலைப் பார்த்துவிட்டு ரயிலேறி வேலைக்கு வருவார், சாயங்கால பாசஞ்சரில் திரும்புவார். சின்னவன் பெரியவன் எல்லாரையும் 'நைனா' என்றே கூப்பிடுவதால் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அந்தக் காகிதங்களைப் பொறுக்கியெடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பிரெஞ்சை நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம் சார் அந்தப் பொத்தானு. தனியா கீதே."

பிரெஞ்சு அப்படியே நைனாவின் எண்ணெய்க் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டுவிட்டார். இருபது வருஷ சினிமா வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த இரண்டாவது ரசிகர். முதல் ஆளைப் போல் மாட்டிக்கொண்டு பார்த்தவர் அல்ல, தானாக வந்தவர்.

"நீதான் என் ஹீரோ" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு அந்த விஷயம் தெரிந்தது. பிரெஞ்சின் பெட்டியில் ஒரு கேமராவும் ஒரே ஒரு டப்பா பிலிமும் இருந்தன. பத்து நிமிஷம் ஓடக்கூடிய பிலிம். பாரிஸில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் கொடுத்தனுப்பியது. இதில் ஏதாவது எடுத்து அனுப்பு, நன்றாக இருந்தால் முழுப் படம் எடுக்க நான் ஆள் பிடிக்கிறேன், இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடு என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பிரெஞ்சுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. அந்த ஒரு டப்பாதான் கடைசி டப்பா. இதை என்னிடம் சொன்னபோது மட்டும் அவர் விரலைச் சதுரமாகப் பிடிக்கவில்லை. சும்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிலிம் ஒன்றுதான் என்பதால் ரிகர்சல் மாதக்கணக்கில் நடந்தது. கதையை மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஒரு தொழிலாளி வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு வருகிறான். ரயில் கிளம்பிவிடுகிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முடிந்தது.

கோவிந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "பைட்டு எங்க சார் வருது?"

"வராது."

"பாட்டு?"

"நோன்!" பிரெஞ்சு மொழியில் இல்லை என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் ஓடிவிடும்.

"சரி, அந்தாளு ஏன் சார் லேட்டா வந்தான்?" என்றார் நைனா. "ஊட்ல எதனா பேஜாரா?"

"தெரியாது."

"இன்னா சார், கதை எய்துன உங்களுக்கே தெரிலன்னா, எங்களுக்கு யாரு சொல்லுவா?"

ஆனால் நைனா ஒப்புக்கொண்டார். இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. கதையில் தவறவிட வேண்டிய ரயில் எது? சாயங்கால பாசஞ்சர். நைனா தினமும் வீட்டுக்குப் போகும் அதே வண்டி. பிறந்ததிலிருந்து அந்த மனிதர் ஒரு ரயிலைத் தவறவிட்டது கிடையாது. முதல் நாள் ரிகர்சலில் பிரெஞ்சு, "ஆக்‌ஷன்!" என்றார். நைனா மெதுவாக நடந்து வந்தார். வண்டி ஊதியது. அவ்வளவுதான், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறிவிட்டார். "நாளிக்குப் பாக்கலாம் சார்!" என்று கதவிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டார். பிளாட்பாரத்தில் பிரெஞ்சு மட்டும், "கட்! கட்!" என்று வண்டியின் பின்னால் கத்திக்கொண்டு நின்றார்.

இது ஒரு நாள் கூத்தல்ல. பல வாரம் நடந்தது. ஹீரோ தினமும் ரயிலைப் பிடித்துவிடுவார், டைரக்டர் தினமும் தவறவிடுவார்.

"ஏன்யா ஓடற?" என்று ஒரு நாள் கெஞ்சாத குறையாகக் கேட்டார் பிரெஞ்சு.

"நானா ஓடறேன்? காலு ஓடுது நைனா. வண்டி ஊதுச்சுன்னா ஊட்ல கெங்கம்மா ஒலை வச்சிருக்கும்னு தோணிடுது. இன்னா பண்ணச் சொல்ற?"

கெங்கம்மா அவருடைய மனைவி. வீட்டுக்காரர் சினிமாவில் நடிக்கிறார் என்று ஆரம்பாக்கம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். ஹீரோயின் யார் என்று கேட்டவர்களுக்கு, 'ரயிலு' என்று பதில் சொன்னாராம்.

கடைசியில், விஜயதசமி அன்று படம் பிடிப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாள், தொழிற்சாலைக்கும் லீவு. அன்று நிச்சயம் ஓட மாட்டேன் என்று நைனா பெரியபாளையத்து அம்மன் மேல் சத்தியம் செய்தார். மெஸ்ஸில் எலித் தொல்லை என்பதால் கேமராவையும் பிலிம் டப்பாவையும் நைனாவின் டூல் ரூமில், பூட்டு போட்ட அலமாரியில் வைத்திருந்தோம்.

விஜயதசமிக்கு முந்தின நாள் என்ன? ஆயுத பூஜை!

தொழிற்சாலையில் ஆயுத பூஜை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு மெஷினையும் பிரித்து, மண்ணெண்ணெயில் துடைத்து, உள்ளும் புறமும் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி படைப்பார்கள். அதிலும் நைனா செய்தால் ஒரு ஸ்க்ரூ விடுபடாது. அன்று காலை பொரி வாங்கிக்கொள்ள நானும் பிரெஞ்சும் டூல் ரூமுக்குப் போனோம். வாசலில் வாழைக்கன்று கட்டி, நடு முற்றத்து வெயிலில் மேஜை போட்டு, ஸ்பானர், சுத்தியல், அரம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில், தனியாக ஒரு தாம்பாளத்தில், கதம்ப மாலையோடு கேமரா. லென்ஸில் பெரிய குங்குமப் பொட்டு. கேமராவுக்குப் பக்கத்தில் இன்னொரு தாம்பாளம். அதில் மூடி திறந்த டப்பா. அந்த பிலிம் சுருள், நெளிநெளியாகப் பிரித்து, முழ நீளத்துக்கு ஒரு சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமுமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் அதோடு சரி, அதில் எதுவும் பதியாது. எனக்கே அது தெரியும். எத்தனை நாள் பாடமாக எடுத்திருக்கிறார் பிரெஞ்சு!

நைனா கற்பூரத் தட்டோடு முகமெல்லாம் பல்லாக வந்தார். "கறுப்பு டேப்பு போட்டு இறுக்கி மூடி வச்சிருந்துச்சு சார். மத்த ஆயுதம்லாம் தொறந்து கீது, இது மட்டும் மூடிக்கினு இருந்தா எப்பிடி? உள்ளதான சார் சாமியே கீது! ஒரு தூசு இல்லாம தொடச்சி, ஒண்ணு வுடாம பொட்டு வச்சிட்டேன். நாளிக்குப் படம் சும்மா பிச்சிக்கும் பாரு!"

நான் பிரெஞ்சைப் பார்க்க பயந்துகொண்டு அவருடைய ஷூவைப் பார்த்தேன். ரசத்துக்கே கத்திய மனுஷன். மேனேஜரைக்கூட விட்டுவைக்காத வாய். இப்போது இந்த நைனாவைக் கொன்றே போட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். மெல்ல நிமிர்ந்தால், அவர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தார். நைனா பொட்டு வைத்தார்.

"ரொம்ப அழகா வச்சிருக்க" என்றார் பிரெஞ்சு.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "சார், அது உங்க கடைசி டப்பா சார்! நான் போய்ச் சொல்றேன் அந்த ஆளுகிட்ட."

"சொல்லக்கூடாது. நாளைக்கு அவன் நடிக்கணும்."

"எதுல சார் நடிக்கிறது? பிலிமே செத்துப்போச்சே!"

"அவன் சாகலையே" என்றார். அவ்வளவுதான் பேசினார். பிறகு நைனா பார்க்காத சமயத்தில் மறுபடி உள்ளே போய், மப்ளரைக் கழற்றி அந்தச் சுருளின் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுற்றி டப்பாவில் போட்டார்.

மறுநாள் ஆரம்பாக்கமே ஸ்டேஷனில் இறங்கிவிட்டது. கெங்கம்மா பட்டுப்புடவை. நைனா தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பவுடர் போட்டிருந்தார். செத்த பிலிமைக் கேமராவில் மாட்டிக்கொண்டு பிரெஞ்சு ஒற்றைக் கண்ணை மூடினார்.

"ஆக்‌ஷன்!"

நைனா நடந்து வந்தார். வண்டி ஊதியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவருடைய வலது கால் ஒரு துள்ளு துள்ளியது. நின்றுவிட்டது. சத்தியம் வேலை செய்ததோ, கேமரா பக்கத்தில் நின்ற அந்தக் கிழவரின் மேல் வைத்த பிரியம் வேலை செய்ததோ, எனக்குத் தெரியாது. வண்டி நகர்ந்தது. தன் வாழ்நாளில் முதன்முதலாக அந்த மனிதர் வீட்டுக்குப் போகும் ரயிலை விட்டுவிட்டு நின்றார். கை தானாக எழுந்து கடைசிப் பெட்டியை நோக்கிப் பாதி போய், அப்படியே இறங்கியது. பவுடரின் மேல் கண்ணீர் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. கோவிந்தன் என் தோளில் சாய்ந்து விசும்பினான், சனியன், ரசம் ஊற்றத் தெரியாதவன்! பிலிம் தீர்ந்து கேமரா வெறுமனே கிரீச்சிடும்போதும் பிரெஞ்சு கண்ணை எடுக்கவில்லை.

"சார், வண்டி நெஜமாலுமே பூட்ச்சு" என்றார் நைனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப ஊட்டுக்கு எப்பிடிப் போறது?"

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். படம் பாரிஸுக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நைனா விடவில்லை. மெட்ராஸில் பிலிம் கழுவும் இடத்துக்குத் தானும் கூடவே வந்தார். பிலிமைக் கழுவிய ஆள், "என்ன சார், இதுல ஒண்ணுமே..." என்று ஆரம்பிக்க, பிரெஞ்சு சடசடவென்று பிரெஞ்சிலேயே பேசி அந்த ஆளின் வாயை அடைத்து, அப்படியே அச்சும் போட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த நைனா, ஊர் ஊராகப் பிரச்சாரப் படம் காட்டும் வேன்காரர் ஒருவருக்குப் பழவேற்காட்டு நண்டைக் கொடுத்து வசப்படுத்தி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கேன்டீனில் படம் போட ஏற்பாடும் செய்துவிட்டார். பிரெஞ்சுக்குத் தப்பிக்க வழியில்லை. அவர் மறுக்கவுமில்லை.

ஜன்னலுக்கெல்லாம் கோணி கட்டி, திரையாக நாலு முழ வேட்டி கட்டினோம். முன்வரிசையில் மேனேஜர். பக்கத்தில் கெங்கம்மா, ஆரம்பாக்கத்து ஜனம். மெஷின் ஓடியது. வேட்டியில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளை அப்படியே இருந்தது. 'வரும், வரும்' என்றார்கள். ஒரு பூச்சி பறந்து வந்து திரையில் உட்கார, அதற்கும் கை தட்டினார்கள். பத்து நிமிஷமும் அந்தப் பூச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. படம் முடிந்துவிட்டது.

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். "யோவ் பிரெஞ்சு, பொத்தானுக்காவது ஒரு மனசு இருந்துது. இதுல என்னய்யா இருக்கு?" கேன்டீன் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது.

நைனா சிரிக்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் வேட்டியைத் தடவிப் பார்த்தார். கெங்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் எங்க சார்? நான் கரெக்ட்டாத்தான நின்னேன்? நான் எதனா தப்பு பண்ணிட்டனா?"

உண்மை எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிரெஞ்சு எழுந்தார். தயாரிப்பாளர், கதாநாயகி, குதிரை, வேலைநிறுத்தம், சர்வர் என்று உலகத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் பழி போட்டவர். இந்த ஒரு தடவைதான் நிஜமாகவே தப்பு இன்னொருவருடையது. அந்த ஆள் கண்ணெதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லை நைனா" என்றார். "நீ நல்லா நடிச்ச. தப்பு என்னோடது. எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியலை."

சிரிப்பு இன்னும் பலமாக வெடித்தது. யாரோ விசில் அடித்தார்கள். பாரிஸ் டைரக்டருக்குக் கேமரா பிடிக்கத் தெரியாதாம்! பிரெஞ்சு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை சிரிப்பையும் நின்றபடி வாங்கிக்கொண்டார்.

நைனா நேராக அவரிடம் வந்து தோளில் கை போட்டார். "வுடு சார். மன்சனுக்குத் தப்பு வரத்தான் செய்யும். இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு! டேய், எவன்டா அங்க சிரிக்கிறது? பல்லப் பேத்துடுவேன்!" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாட்டி எங்கையில குடு சார், நானே ஒரு தபா பிரிச்சித் தொடச்சிக் குடுக்கறேன்" என்றார். பிரெஞ்சு தலையை ஆட்டினார்.

அந்த மாதக் கடைசியில் அவர் புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். அங்கிருந்து பிரான்சுக்குப் போனதாகக் கேள்வி. ஸ்டேஷனில் என் கையை அழுத்திப் பிடித்து, "அவன்கிட்ட மட்டும் வேண்டாம்" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. நைனா போன தை மாதம்தான் காலமானார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், பார்க்கும்போதெல்லாம் நைனா கேட்பார். "பாவம், நல்ல மன்சன். தொயிலுதான் தெரியாது. வேற படம் எதனா எடுத்தாரா நைனா?"

"எடுத்தாராம். ரொம்ப நல்லா வந்திருக்காம்" என்பேன்.

"அப்பிடியா! பரவால்ல, கத்துக்கினாரு" என்று அவர் முகம் மலர்ந்துவிடும்.

எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருந்தால், எங்கேயாவது ஒரு தியேட்டரில் அது ஓடினால், பாட்டும் பைட்டும் இல்லாவிட்டாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, பாதியில் எழுந்து வராமல் முழுசாகப் பார்ப்பேன்.